எண்ணை மாற்றிப் போட்டால் வட துருவம்!

வீட்டில் பழைய ஸ்கூல் அட்லஸ் ஏதாவது இருந்தால் எடுங்கள். பிள்ளைகள் கிழித்தது போக மிச்சம் இருந்தாலும் போதும்.

முதலில் நம்ம தியாகதுருகத்தைப் பிடிப்போம். சேலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவில், கள்ளக்குறிச்சிக்குக் கொஞ்சம் கிழக்கே இருக்கிறது. பாறை மலை ஒன்று. அதன் தலையில் தொப்பி மாதிரி ஒரு பழைய கோட்டை. அடிவாரத்தில் பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, லாரிக்குக் காத்திருக்கும் மக்காச்சோள மூட்டைகள். பூகோளக் கணக்கில் இதன் விலாசம்: வடக்கே சுமார் 12 டிகிரி, கிழக்கே சுமார் 79 டிகிரி.

இப்போது ஒரு விளையாட்டு. இந்த இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போடுங்கள். வடக்கே 79. கிழக்கே 12. அட்லஸில் விரலை வைத்து மேலே மேலே போங்கள். ரோம் நகரம் பக்கமாகக் கிளம்பி, ஜெர்மனியைத் தாண்டி, ஸ்வீடனையும் நார்வேயையும் உரசிக்கொண்டு, கடலில் இறங்கி... போதும், நிறுத்துங்கள்! இதற்கு மேல் போனால் வட துருவத்தில் முட்டிக்கொள்வீர்கள்.

விரல் நிற்கும் இடம் ஸ்வால்பார்டு என்ற பனித்தீவுக் கூட்டம். நார்வேக்குச் சொந்தம். அங்கே கடலோரமாக ஒரு குட்டிக் கிராமம். பெயர் நீ-ஓலசுண்ட். (மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். நார்வே மொழியில் ‘நீ’ என்றால் ‘புதிய’ என்று அர்த்தம்!)

அந்தக் கிராமத்தில் ஒரு வீட்டுக்குப் பெயர்... ‘ஹிமாத்ரி’!

ஆமாம், நம்ம வீடுதான். இந்தியாவின் ஆர்க்டிக் ஆராய்ச்சி நிலையம். 2007 ஆகஸ்டில் முதல் இந்தியக் குழு அங்கே போய் இறங்கியது. அடுத்த வருஷமே, 2008 ஜூலை 1-ம் தேதி, நிலையத்தைத் திறந்துவிட்டார்கள். வட துருவம் அங்கிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மும்பைக்கு ரயிலில் போகிற தூரம்தான் கிட்டத்தட்ட. என்ன, வழியில் குண்டக்கல் ஜங்ஷன் வராது!

எட்டரை மணி அண்ணன்

இந்த அட்லஸ் வித்தையை நான் முதலில் காட்டியது டீக்கடையில், ஓர் அண்ணனிடம். அரசாங்க உத்தியோகம். மற்ற ஃபைல்களோடு சேர்த்து அவர் தலையில் கட்டியிருக்கும் இன்னொரு பொறுப்பு மழைமானி. தினமும் காலை எட்டரை மணிக்குப் போய், புனல் வழியாக உள்ளே இறங்கியிருக்கும் தண்ணீரை அளவு கிளாஸில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, ரிஜிஸ்டரில் எழுதி, மேலே தகவல் சொல்ல வேண்டும். மழைக் கணக்கில் இந்தியா முழுவதற்கும் ஒரு நாள் என்பது எட்டரையிலிருந்து எட்டரை வரைதான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெங்கல் புயல் வந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது என்று ஊரே பேசியதே... அதுவும் எட்டரை மணிக் கணக்குதான்.

“அங்க நம்மாளுங்களுக்கு என்ன தம்பி வேலை?” என்றார் அண்ணன்.

“காத்தை அளக்கறாங்கண்ணே.”

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “காத்தை அளக்கவா அவ்ளோ தூரம் போறாங்க? நான் தண்ணியை அளக்கறதுக்கே இங்க என்னைக் கிண்டல் பண்றாங்க!”

கிண்டலுக்குக் காரணம் உண்டு. மே மாதத்தில் வானத்தில் பஞ்சுத் துண்டு அளவுகூட மேகம் இருக்காது. அப்போதும் அண்ணன் எட்டரைக்குப் போவார். திறப்பார். பார்ப்பார். ‘0.0’ என்று எழுதி மூடிவிட்டு வருவார். “இல்லாத மழையை அளக்க ஒரு ஆளு, ஒரு சம்பளம்!” என்று சொல்லாதவர்கள் கிடையாது.

ஒரே ஒரு தடவைதான் அண்ணன் தவறியிருக்கிறார். அதையும் அவரே சொன்னார்.

“வெளியூர்ல ஒரு கல்யாணம். ராத்திரி நல்ல மழை. பஸ் கெடைக்கல. நான் வந்து சேர்றப்ப மணி பன்னண்டு. காலையிலயும் விடாம தூறிக்கிட்டே இருந்திருக்கு. எட்டரைக்கு முன்னாடி எவ்ளோ, எட்டரைக்குப் பின்னாடி எவ்ளோ... யாருக்குத் தெரியும்?”

“சும்மா ஒரு இருபது மில்லிமீட்டர்னு போட வேண்டியதுதானே? இல்லாட்டி ஒரு ஜீரோ. யாரு கேக்கப் போறா?”

அண்ணன் முகம் மாறிவிட்டது.

“தம்பி, ஜீரோன்னா மழை பெய்யலைன்னு அர்த்தம். காலியா விட்டா, நான் பாக்கலைன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணா? காலியாத்தான் விட்டேன். திட்டும் வாங்கினேன். அந்தக் கட்டம் இன்னிக்கும் காலியாத்தான் கெடக்கு.”

ஜீரோ வேறு, காலி வேறு. இந்த ஒரு வரியை வேட்டி நுனியில் முடிந்துகொள்ளுங்கள். ஆர்க்டிக் போய்த் திரும்புவதற்குள் தேவைப்படும்.

கேஷுவல் லீவு கிடைத்துவிட்டது!

நீங்களே ஹிமாத்ரிக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆபீஸில் லீவு கொடுத்துவிட்டார்கள். (கற்பனைதானே சார், கொடுத்துவிட்டுப் போகட்டும்!)

நிலையத்தை நடத்துவது கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம். நீங்கள் முதலில் நார்வே தலைநகர் ஆஸ்லோவுக்குப் பறக்க வேண்டும். அங்கிருந்து இன்னொரு விமானத்தில் வடக்கே வடக்கே போய், ஸ்வால்பார்டின் தலைநகரம் மாதிரியான லாங்யர்பியன்.

இங்கே ஒரு வேடிக்கை. ஸ்வால்பார்டில் தங்க இந்தியருக்கு விசா தேவையில்லை! 1920 பிப்ரவரியில் பாரிஸில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. தீவு நார்வேக்கு, ஆனால் கையெழுத்துப் போட்ட நாடுகளின் மக்கள் எல்லோரும் அங்கே போகலாம், தொழில் செய்யலாம் என்று ஏற்பாடு. அப்போது நம்மை ஆண்டுகொண்டிருந்த வெள்ளைக்காரர் இந்தியாவின் சார்பிலும் கையெழுத்துப் போட்டு வைத்தார். அதைக் கேட்டுக் கிளம்பிவிடாதீர்கள். நடுவில் ஆஸ்லோவில் இறங்கி ஏற விசா வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்குள் போக அழைப்பிதழ் தேவையில்லை, ஆனால் தெருமுனையில் டோக்கன் வாங்க வேண்டும் என்கிற கதை!

லாங்யர்பியனிலிருந்து கடைசிக் கட்டம். டார்னியர் 228 என்ற குட்டி விமானம். இதே ரகத்தை நம்ம கான்பூர் தொழிற்சாலையிலும் தயாரித்திருக்கிறார்கள். ஷேர் ஆட்டோவைவிடக் கொஞ்சம் பெரிது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே பனியாறுகள், கருத்த மலை முகடுகள், நீலக் கடல். அரை மணிக்குள் இறக்கிவிடுவார்கள்.

இறங்கினால் ஊர். வீடுகள் கொஞ்சம். அமுண்ட்சென் சிலை ஒன்று. 1926 மே மாதம் அவர் ‘நோர்கே’ ஆகாயக் கப்பலில் வட துருவத்துக்கு மேலே பறந்தது இங்கிருந்து கிளம்பித்தான். கப்பலைக் கட்டி வைத்திருந்த கம்பம் இன்னமும் நிற்கிறது. குளிர்காலத்தில் ஊரில் இருப்பவர்கள் முப்பது, நாற்பது பேர். கோடையில் நூற்றுச் சொச்சம். நம் டவுன் பஸ் ஒன்றில் இதைவிட அதிகம் ஏறுவார்கள்!

நார்வே, ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், இத்தாலி, ஜப்பான், தென் கொரியா என்று பல நாடுகள் இங்கே கடை விரித்திருக்கின்றன. சீன நிலையத்தின் வாசலில் இரண்டு கல் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கும். ஹிமாத்ரியில் நான்கு படுக்கை அறைகள். எட்டுப் பேர் தங்கலாம். பரப்பு 220 சதுர மீட்டர். நம்ம ஊர் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய ஒரு கிரவுண்டு!

செருப்பு, கதவு, செல்போன்

போனவுடன் மூன்று பழக்கங்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

முதல் பழக்கம் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் ஷூவை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். ஒரு காலத்தில் இங்கே எல்லோரும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். காலோடு கரி உள்ளே வரக் கூடாது என்று வந்த வழக்கம். சுரங்கம் போய்விட்டது, வழக்கம் போகவில்லை. டை கட்டிய ஐரோப்பியப் பேராசிரியர் சாக்ஸோடு நடமாடுவதைப் பார்க்கலாம்.

இரண்டாவது, கதவைப் பூட்டக் கூடாது. திருடன் பயம் இல்லை என்பதற்காக அல்ல. துருவக் கரடி துரத்தினால், ஓடுகிறவர் எந்த வீட்டுக்குள்ளும் புகுந்துகொள்ளலாம்! ஊர் எல்லையைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் துப்பாக்கியும், கரடியைப் பயமுறுத்தச் சுடர் வெடியும் கொண்டுபோக வேண்டும். அதற்காகவே சுடும் பயிற்சி உண்டு. வாழ்நாளில் தீபாவளித் துப்பாக்கி தவிர எதையும் பிடிக்காத விஞ்ஞானி, ரைஃபிளோடு போய்ப் பனியின் ஆழத்தை அளந்துவிட்டு வருவார். சுட வேண்டி வராமல் இருப்பதுதான் அங்கே வெற்றி.

மூன்றாவது பழக்கம்தான் நமக்குக் கஷ்டம். வைஃபை கிடையாது, புளூடூத் கிடையாது, செல்போனை வாயை மூடி வைக்க வேண்டும். நட்சத்திரங்களுக்கு அப்பாலிருந்து வரும் மெல்லிய ரேடியோ அலைகளைக் கேட்டுப் பூமியின் அசைவை அளக்கும் பெரிய ஆன்டெனாக்கள் அங்கே இருக்கின்றன. சுற்றி 20 கிலோமீட்டருக்கு ரேடியோ மௌனம். இன்டர்நெட் வேண்டுமா? கம்பியைச் சொருகிக்கொண்டு உட்காருங்கள். சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுகிறார்கள் என்றால் நம்புவீர்களா?

சாப்பாடு ஊருக்கே ஒரே மெஸ். எல்லா நாட்டுக்காரர்களும் அங்கேதான். மணி அடித்தால் சோறு என்கிற ஹாஸ்டல் வாழ்க்கை.

கோடையில் போகிறவர்களுக்கு இன்னோர் எதிரி, ஆர்க்டிக் ஆலாப் பறவை. தெருவோரத்திலேயே முட்டையிடும். யாராவது பக்கத்தில் போனால் நேராகத் தலையைக் குறிவைத்து ‘டைவ்’ அடித்துக் கொத்தும். அது தாக்குவது உடம்பின் உயரமான இடத்தை. அதனால் எல்லோரும் தலைக்கு மேலே ஒரு குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள்! இந்தப் பறவை வருஷா வருஷம் தென் துருவம் வரை போய்த் திரும்புகிறது. 70,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம். பயணப்படி, தங்கும்படி எதுவும் கேட்பதில்லை. அந்தக் கோபத்தில் கொத்துகிறதோ என்னவோ!

குளியலறையில் கரிக் கணக்கு

சரி, வேலைக்கு வருவோம்.

ஊருக்குச் சற்று வெளியே ஒரு பழைய கட்டடம். பெயர் குரூவபாடெட். தமிழில் சொன்னால் ‘சுரங்கக் குளியலறை’. பூமிக்கு அடியிலிருந்து மேலே வந்த தொழிலாளர்கள், உடம்பெல்லாம் அப்பிய கரியைத் தேய்த்துக் கழுவிய இடம்.

அந்தச் சுரங்கத்துக்கு ஒரு சோகக் கதை உண்டு. 1962 நவம்பர் 5-ம் தேதி உள்ளே வெடி விபத்து. 21 பேர் போய்விட்டார்கள். அடுத்த வருஷம் சுரங்கத்தை மூடினார்கள். அந்த விவகாரம் பெரிதாகி, நார்வேயில் ஆட்சியே கவிழ்ந்தது. தொழிலாளர்கள் போன பிறகு, காலி ஊருக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள்.

குளியலறை இன்று காற்றை ஆராயும் கூடம். இத்தாலிக்காரர்களின் பொறுப்பில் இருக்கிறது. நம் நாட்டுக் கருவிகளும் அங்கே ஓடுகின்றன. அவை தேடும் பொருள்களில் முக்கியமான ஒன்று... கரி! அன்று உடம்பிலிருந்து கழுவியதை இன்று காற்றிலிருந்து எண்ணுகிறார்கள்.

எண்ணுவது எப்படி? ரொம்ப சுலபமான தத்துவம். வெள்ளைக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நம்ம பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். கைக்குட்டை எவ்வளவு கருத்திருக்கிறது என்று பார்த்தால் எவ்வளவு புகை குடித்தீர்கள் என்று தெரியும் இல்லையா? அதேதான். கருவி காற்றை உறிஞ்சி ஒரு வெள்ளை ஃபில்டர் நாடா வழியாக விடும். நாடாவில் புள்ளி விழும். அதன் மேல் வெளிச்சம் பாய்ச்சி, எவ்வளவு வெளிச்சம் அந்தப் பக்கம் போகவில்லை என்று பார்க்கும். அதிலிருந்து கரியின் எடை.

நம் நகரங்களில் ஒரு கன மீட்டர் காற்றில் இந்தக் கரி ஆயிரக்கணக்கான நானோகிராம் இருக்கும். அங்கே சில பத்து நானோகிராம்தான். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. நகைக்கடைத் தராசுகூட வெட்கப்படும் எடை.

இதற்கா இவ்வளவு பாடு என்கிறீர்களா? இடத்தைப் பாருங்கள் சார். புதுப் பனி தன் மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். வெள்ளை வேட்டி வெயிலில் சூடாகாதது மாதிரி. அதன் மேல் கரித்தூள் படிந்தால்? வெள்ளை கொஞ்சம் மங்கும். வெயிலைக் கொஞ்சம் குடிக்கும். கொஞ்சம் சீக்கிரம் உருகும். உருகினால் அடியில் இருக்கும் கருத்த தரையும் கடலும் தெரியும். அவை இன்னும் அதிகமாக வெயிலைக் குடிக்கும். கந்து வட்டி மாதிரி, வட்டிக்கு வட்டி.

அங்கே ஃபாக்டரி இல்லை, லாரி இல்லை. கரி எப்படி வந்தது? ஐரோப்பா, ரஷ்யா என்று பல ஊர்ப் புகை காற்றில் ஏறிப் போகிறது. 1950-களிலேயே ஆர்க்டிக்கில் பறந்த அமெரிக்க விமானிகள், சுத்தமாக இருக்க வேண்டிய வானத்தில் ஒரு மங்கல் புகைமூட்டம் இருப்பதைக் கவனித்துச் சொன்னார்கள். குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும்தான் அது அதிகம். குளிர்காலத்தில் காற்று தட்டுத் தட்டாக அசையாமல் படுத்துவிடும். கழுவிவிட மழையும் கிடையாது. வந்த புகை குடித்தனம் நடத்தும்.

இந்தக் ‘குளிர்காலம்’ என்ற சொல்லையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலரை மணி பலூன்

ஆர்க்டிக் ஆராய்ச்சி என்றால் சினிமா மாதிரி பனிப்புயலில் நாய்வண்டி ஓட்டுவது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பெரும்பாலும் அது நம்ம ஆபீஸ் வேலைதான். ஃபில்டர் மாற்று. பம்ப் ஓடுகிறதா பார். கண்ணாடி மூடிமேல் உறைந்த பனியைப் பிரஷ்ஷால் துடை. கம்ப்யூட்டர் மணி சரியாகக் காட்டுகிறதா பார். எழுது. டாக்டர் பட்டம் வாங்கியவர் கையில் துடைப்பம்!

ஊரே கவனிக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஜெர்மனி – பிரான்ஸ் கூட்டு நிலையத்திலிருந்து தினமும் ஒரு பெரிய பலூன் மேலே போகும். கயிற்றில் ஒரு சின்ன டப்பா. வெப்பம், ஈரம், காற்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே சுமார் 30 கிலோமீட்டர் ஏறி, வெடித்துவிடும். நம் நேரப்படி மாலை நாலரை. நம் ஆபீஸ்களில் டீ வரும் அதே நேரம்! 1990-களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ் எதுவும் பார்ப்பதில்லை.

அந்த ரிஜிஸ்டர் சொல்லும் கதையைக் கேளுங்கள். 1993-லிருந்து 2011 வரை அந்த ஊர்க் குளிர்காலம் பத்து வருஷத்துக்குச் சுமார் 3 டிகிரி வீதம் சூடாகியிருக்கிறது. உறைய வேண்டிய மாதங்களில் மழை பெய்கிறது. வாசலில் இருக்கும் வளைகுடா 2006-க்குப் பிறகு பழைய மாதிரி உறைவது குறைந்துவிட்டது. 1979-லிருந்து கணக்குப் பார்த்தால், உலகம் சூடாகும் வேகத்தைப் போல ஆர்க்டிக் சுமார் நான்கு மடங்கு வேகத்தில் சூடாகிறது என்று 2022-ல் கணக்கிட்டார்கள்.

அதே வளைகுடாவில் நம்ம சென்னைக் கைவேலை ஒன்றும் இருக்கிறது. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகமும் கோவா மையமும் சேர்ந்து ‘இண்டார்க்’ என்ற கருவித் தொகுப்பைத் தயாரித்து, 2014 ஜூலையில் 192 மீட்டர் ஆழத்தில் நங்கூரம் போட்டு இறக்கினார்கள். தண்ணீரின் சூடு, உப்பு, ஓட்டம் எல்லாவற்றையும் பார்க்க. அதுவும் ஒருவகை மழைமானி அண்ணன்தான். தண்ணீருக்கு அடியில் உத்தியோகம்!

இருட்டில் ஒரு கையெழுத்து

இப்போது முடிந்து வைத்ததை அவிழுங்கள்.

நீ-ஓலசுண்டில் அக்டோபர் கடைசி வாரம் சூரியன் இறங்கினால், மறுபடி எட்டிப் பார்க்கப் பிப்ரவரி பாதி தாண்டிவிடும். கிட்டத்தட்ட நாலு மாதம் ஒரே ராத்திரி. இதற்கு ஈடுகட்ட ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை ஒரே பகல். நம் தியாகதுருகத்தில் வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குட்டைப் பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. நாம் கொடுத்து வைத்தவர்கள்.

ஹிமாத்ரியில் 2008-லிருந்து 2023 வரை நம் ஆட்கள் தங்கியது வருஷத்தில் சுமார் 180 நாள்தான். வெளிச்சம் உள்ள காலத்தில் போவார்கள், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். கருவிகள் சில தாமாக ஓடின. ஆனால் உறைந்த பனியைத் துடைக்கவும், நின்ற பம்ப்பைத் தட்டி எழுப்பவும் நம் ஆள் இல்லை. புகை வந்து குடித்தனம் நடத்துகிற அதே குளிர்காலம், நம் ரிஜிஸ்டரில்... ஜீரோ இல்லை சார். காலி.

காலிக் கட்டம் என்ன செய்யும் என்பதற்கு இன்னொரு ரிஜிஸ்டரே சாட்சி. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-லிருந்து காற்றில் உள்ள கார்பன் டை ஆக்ஸைடை அளந்து வருகிறார்கள். தொடங்கி வைத்தவர் சார்லஸ் கீலிங். பத்து லட்சம் பங்குக்கு 315 என்ற அளவில் ஆரம்பித்தது, 2024-ல் 420-ஐத் தாண்டிவிட்டது. பூமி சூடாவதற்கு இதைவிடப் பெரிய சாட்சிக் கையெழுத்து கிடையாது. ஆனால் 1964 வசந்தத்தில் பணம் இல்லை என்று சில மாதம் வேலை நின்றுபோனது. அந்த வரைபடத்தில் அங்கே ஒரு சின்ன ஓட்டை. அறுபது வருஷம் ஆகிவிட்டது. உலகத்துப் பணத்தையெல்லாம் கொட்டினாலும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது. 1964-ம் வருஷத்துக் காற்று இப்போது எங்கே கிடைக்கும்?

அதனால்தான் 2023 டிசம்பர் 18 முக்கியமான தேதி. முதல் முறையாக ஓர் இந்தியக் குழு குளிர்காலத்துக்கென்றே கிளம்பியது. நான்கே பேர். கோவா மையம், புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம், மண்டி ஐ.ஐ.டி., பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனம்... ஆளுக்கொரு இடத்திலிருந்து. கடைசி நிறுவனத்தைத் தொடங்கியவர் நம்ம திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமன்தான். பிரபஞ்சத்தின் இளமைக் காலத்து ஹைட்ரஜன் அனுப்பும் மெல்லிய ரேடியோ முனகலைப் பிடிக்க, சத்தம் குறைந்த இடமா அது என்று பார்ப்பது அங்கிருந்து வந்தவரின் வேலை. செல்போனை அணைத்து வைக்கும் ஊருக்கு இப்படியும் ஓர் உபயோகம்!

அந்த இருட்டை யோசித்துப் பாருங்கள். காலை டிபனுக்கும் இருட்டு, மதியச் சாப்பாட்டுக்கும் இருட்டு. தூக்கம் தன் இஷ்டத்துக்கு வரும், போகும். பௌர்ணமியை ஒட்டிச் சில நாள் நிலா மறையவே மறையாமல் வானத்தைச் சுற்றிச் சுற்றி வரும். அதிர்ஷ்டம் இருந்தால் நடுப்பகல் பன்னிரண்டு மணிக்குப் பச்சை வெளிச்சத் திரை ஆடும். பகலிலேயே துருவ ஒளி பார்க்க முடிந்த அபூர்வமான இடங்களில் அதுவும் ஒன்று. தலையில் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டு, பனியில் நடந்து, கருவியைத் துடைத்து, எண்ணைப் பார்த்து எழுதிவிட்டு வர வேண்டும். அநேகமாக நேற்று எழுதிய அதே எண்.

கைதட்ட ஒருவரும் இல்லை. கட்டம் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான்.

மணிமுக்தாவுக்கு என்ன சம்பந்தம்?

“அதெல்லாம் சரி தம்பி. அங்க பனி உருகினா மணிமுக்தா அணைக்குத் தண்ணி வருமா, வராதா?” என்று கேட்டார் அண்ணன். நியாயமான கேள்வி.

நாளைக்குத் தியாகதுருகத்தில் குடை எடுக்கலாமா என்று ஹிமாத்ரி சொல்லாது. கல்வராயன் மலைக்கு மேகம் எப்போது வரும் என்றும் சொல்லாது. ஆனால் வானம் ஒரே கூரை. ஒரு மூலையில் ஓடு நகர்ந்தால் இன்னொரு மூலையில் ஒழுகலாம். ஆர்க்டிக்கில் காரா கடல் என்று ஒன்று இருக்கிறது. அங்கே கோடையில் பனி குறைவதற்கும், மத்திய இந்தியாவில் செப்டம்பரில் திடீரென்று கொட்டித் தீர்க்கும் பெருமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2021-ல் ஓர் இந்திய ஆய்வு சொன்னது. ‘இருக்கலாம்’தான். ‘இருக்கலாம்’ என்பது ‘இருக்கிறது’ ஆகவோ ‘இல்லை’ ஆகவோ வேண்டுமானால் இன்னும் பல வருஷத்து எண்கள் வேண்டும். ஒரு நாள்கூட விடாமல். அங்கேயும் வேண்டும், இங்கேயும் வேண்டும். பனி எவ்வளவு என்று ஒருவர் எழுத, மழை எவ்வளவு என்று இன்னொருவர் எழுதினால்தானே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்?

இதைச் சொன்னதும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மறுநாள் காலை அவரோடு நானும் போனேன். மே மாதம். எட்டரைக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. கோட்டை மலையின் பாறை இப்போதே சூடேற ஆரம்பித்திருந்தது. அண்ணன் மழைமானியைத் திறந்து உள்ளே பார்த்தார். ஒரு செத்த வண்டு கிடந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, அளவு கிளாஸைச் சட்டை நுனியால் துடைத்து வைத்தார். ரிஜிஸ்டரைப் பிரித்தார்.

“அங்க இப்ப மணி என்ன இருக்கும் தம்பி?”

“விடிகாலை அஞ்சுண்ணே. ஆனா அங்க ராத்திரியே கிடையாது. இப்பவும் வெயில்தான்.”

“இங்கயும் வெயிலு... அங்கயும் வெயிலு.” கட்டத்தில் ‘0.0’ என்று அழுத்தி எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். ஒருமுறை சரிபார்த்துவிட்டு மூடினார்.

“எட்டரைக்கு என் கணக்கு முடிஞ்சுது. நாலரைக்கு அவங்க பலூன் விடட்டும். நீ வா, டீ சொல்லு!”